ஸ்பேஸ் பார், ஷிப்ட், எண்டர்: அகல விசைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் கீபோட், பிரிண்டர், பழைய ரைப்ரைட்டர் திருத்திக் கொடுப்பது என் வேலை. பரந்தனில் இருந்து வந்தாலும் மாங்குளத்தில் இருந்து வந்தாலும் கீபோட்டைத் தூக்கிக்கொண்டு வருபவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் எழுத்து விசைகளைப் பற்றியதாக இருக்காது. ஸ்பேஸ் பார், ஷிப்ட், எண்டர், பக்ஸ்பேஸ், இந்த நாலைத்தான் சொல்வார்கள். அதிலும் பாதிப்பேர் புதுக் கீபோட் வாங்கும் முடிவோடுதான் வருகிறார்கள். பல நேரம் அதற்குத் தேவையே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன்.

அகலக் கீ எண்டு எதைச் சொல்லுறியள்? எல்லாமே கீ தானே?

ஒரு சாதாரண எழுத்து விசையின் மையத்தில் இருந்து பக்கத்து விசையின் மையம் வரை 19.05 மி.மீ. அதாவது முக்கால் அங்குலம். இதை ஓர் அலகு என்று வைத்துக்கொள்வார்கள். ரப் (Tab) 1.5 அலகு, கப்ஸ் லொக் 1.75, இடது ஷிப்ட் 2.25, வலது ஷிப்ட் 2.75, எண்டர் 2.25, பக்ஸ்பேஸ் 2. ஸ்பேஸ் பார் பொதுவாக 6.25 அலகு, கிட்டத்தட்ட 119 மி.மீ.

இரண்டு அலகும் அதற்கு மேலும் உள்ளவைதான் இந்தப் பக்கத்தில் அகல விசை. ரப், கப்ஸ் லொக் இரண்டும் கொஞ்சம் அகலம்தான், ஆனாலும் தனியாகத் தாங்கல் எதுவும் இல்லாமல் சமாளித்துவிடும். இலக்கப் பலகையில் உள்ள கூட்டல் விசையும் அதன் எண்டரும் நெடுக்காக இரண்டு அலகு; அங்குள்ள சைபர் அகலமாக இரண்டு அலகு. அவையும் இந்தக் கூட்டம்தான்.

ஷிப்டுக்கு ஏன் இவ்வளவு இடம்? ஒரு எழுத்துக் கீ அளவு போதாதோ?

விரலுக்கு வசதி என்று எல்லோரும் சொல்வார்கள். சின்ன விரல் பார்க்காமல் போய்த் தட்ட வேண்டிய இடம் என்பதால் அது உண்மைதான். ஆனால் ஒரு ஷிப்ட் 2.25, மற்றது 2.75 என்று வித்தியாசமாக இருப்பதற்கு அது காரணம் இல்லை. அது வெறும் கணக்கு.

ஒரு பேப்பர் எடுத்துக் கூட்டிப் பாருங்கள். மேல் வரிசையில் 13 விசையும் பக்ஸ்பேஸ் 2 அலகும் சேர்ந்து 15. அடுத்த வரிசை, ரப் 1.5, பிறகு 12 விசை, கடைசி விசை 1.5. மீண்டும் 15. அடுத்தது கப்ஸ் லொக் 1.75, 11 விசை, எண்டர் 2.25. அதுவும் 15. ஷிப்ட் வரிசை 2.25, 10 விசை, 2.75. ஸ்பேஸ் பார் வரிசையில் இடது பக்கம் 1.25 வீதம் மூன்று, ஸ்பேஸ் பார் 6.25, வலது பக்கம் 1.25 வீதம் நாலு. எல்லா வரிசையும் 15 அலகு. எழுத்து விசைகள் வரிசைக்கு வரிசை சரிந்து நிற்பதால் இரண்டு ஓரத்திலும் மிஞ்சுகிற இடைவெளியை அடைக்கத்தான் ஓர விசைகள் நீண்டிருக்கின்றன.

அப்ப வரிசையள் ஏன் சரிஞ்சு நிக்கவேணும்? நேரா வைச்சிருக்கலாமே?

அது ரைப்ரைட்டர் விட்டுப்போன வழக்கம். ரைப்ரைட்டரில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நெம்புத் தண்டு பின்னால், காகிதத்தில் போய் அடிக்கிற எழுத்துக் கைகள் வரை ஓடும். நாலு வரிசையும் நேருக்கு நேர் நின்றால் மேல் வரிசைத் தண்டு கீழ் வரிசைத் தண்டின் மேலேயே போகவேண்டி வரும். அதனால் ஒரு வரிசையின் தண்டுகள் மற்ற வரிசையின் இடைவெளிக்குள்ளால் போகும்படி விசைகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள்.

கணினிக் கீபோட்டில் தண்டும் இல்லை, தடையும் இல்லை. பழகிய கைக்காக அந்தச் சரிவு மட்டும் தங்கிவிட்டது.

ஸ்பேஸ் பாரை நடுவிலை அமத்தினா நல்லா வேலை செய்யுது, ஓரத்திலை அமத்தினா சிக்கி நிக்குது. ஏன் அண்ணை?

இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள்.

விசையின் அடியில் ஒரு கால் இருக்கிறது. அது ஒரு குழிக்குள் மேலும் கீழும் வழுக்கும். நேர் மேலே இருந்து அழுத்தினால் கால் நேராக இறங்கும். ஓரத்தில் அழுத்தினால் கால் சரிந்து, குழியின் மேல் விளிம்பில் ஒரு பக்கமும் கீழ் விளிம்பில் மறு பக்கமும் முட்டும். முட்டுகிற இரண்டு இடத்திலும் உராய்வு. எவ்வளவு தள்ளி அழுத்துகிறீர்களோ அவ்வளவு பலமாக முட்டும். ஓர் எல்லைக்கு மேல் போனால் எவ்வளவு பலம் போட்டு அழுத்தினாலும் இறங்காது, ஏனென்றால் உங்கள் பலம் கூடக் கூட உராய்வும் அதே வீதத்தில் கூடுகிறது. அந்த எல்லைத் தூரம் இதுதான்: குழியின் நீளத்தை, உராய்வு எண்ணின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும்.

குழி 5 மி.மீ நீளம், காய்ந்த பிளாஸ்டிக்கின் உராய்வு எண் 0.25 என்று வைத்துக்கொள்வோம். எல்லை 10 மி.மீ. எழுத்து விசையின் மையத்தில் இருந்து ஓரம் 9.5 மி.மீ தான், அதனால் அது சிக்காது. ஸ்பேஸ் பாரின் ஓரம் மையத்தில் இருந்து 59 மி.மீ. அதைக் காப்பாற்ற 30 மி.மீ நீளக் குழி வேண்டும். விசை மொத்தமாக இறங்குவதே 4 மி.மீ என்கிறபோது அது நடக்கிற காரியமா? தூசி போய் உராய்வு 0.4 ஆனால் எல்லை 6 மி.மீ சொச்சத்துக்குச் சுருங்கிவிடும். அப்போது எழுத்து விசையே ஓரத்தில் அழுத்தினால் சிக்கத் தொடங்கும்.

கழட்டிப் பாத்தா அடியிலை ஒரு இரும்புக் கம்பி கிடக்குது. அது எதுக்கு? இல்லாமப் போட்டா என்ன?

மேலே சொன்ன வில்லங்கத்துக்கு மருந்து அந்தக் கம்பிதான். நீளமான நடுப்பகுதியும் இரண்டு முனையிலும் மடித்த சின்னக் கைகளும் கொண்ட கம்பி. ஸ்பேஸ் பாரின் இடது ஓரத்தை அழுத்தினால் இடது கை கீழே போகும். கை போனால் நடுக்கம்பி தன் அச்சில் உருளும். உருண்டால் வலது கையும் அதே அளவு கீழே போயே ஆகவேண்டும். ஆகவே எங்கே அழுத்தினாலும் இரண்டு ஓரமும் ஒன்றாக இறங்கும், நடுக்கால் சரியாது.

வான், பஸ் ஓடுபவர்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும். முன் அச்சில் இரண்டு சில்லையும் இணைத்துப் போகிற ஸ்டெபிலைசர் பார் இதே வேலையைத்தான் செய்கிறது. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயாமல் அந்தத் தண்டு முறுக்கிப் பிடிக்கிறது. கீபோட் கம்பிக்கும் ஸ்டெபிலைசர் என்றுதான் பெயர்.

இல்லாமல் போட்டால்? நடுவில் அழுத்துகிறவரை ஓடும். பெருவிரல் ஓரத்தில் படுகிற நேரமெல்லாம் சிக்கும். "சும்மா கிடந்த கம்பி" என்று எறிந்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து எறியாதீர்கள், அளவான கம்பி தனியாக இங்கே கிடைப்பது கஷ்டம்.

எல்லாக் கீபோட்டிலையும் கம்பி ஒரே மாதிரியோ?

இல்லை. கடைகளில் விற்கிற சாதாரண ரப்பர்க் கீபோட்டில் கம்பியின் நீளப்பகுதி விசையின் அடிப்புறத்தில் கொளுவியிருக்கும், மடித்த இரண்டு முனையும் கீழ்ப்பலகையில் உள்ள துளைக்குள் நிற்கும். பூட்டும்போது முனைகளை முதலில் துளைக்குள் விட்டு, பிறகு விசையை மேலிருந்து அமர்த்தவேண்டும். மாறிச் செய்தால் கம்பி வளையும்.

ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிச் உள்ள மெக்கானிக்கல் கீபோட்டில் பெரும்பாலும் செரி வகை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னக் கூடு, கூட்டுக்குள் மேலும் கீழும் வழுக்கும் ஒரு பிளாஸ்டிக் கால், இரண்டு காலையும் இணைக்கும் கம்பி. விசையைக் கழட்டினாலும் கம்பி கீபோட்டிலேயே நிற்கும். சிலதில் கொஸ்டார் வகை வரும், கம்பி நேரே விசைக்குள் செருகிய கொக்கியில் மாட்டியிருக்கும். சத்தம் குறைவு, ஆனால் கழட்டிப் பூட்டப் பொறுமை வேண்டும். எனக்குச் செரி வகைதான் பிடிக்கும், துப்புரவு செய்வது சுகம்.

ரைப்ரைட்டரிலை அந்த மாதிரிக் கம்பி இல்லையே. அதின்ரை ஸ்பேஸ் பார் எப்பிடிச் சரியாமல் போகுது?

இருக்கிறது, பருமனாக இருக்கிறது. ஸ்பேஸ் பாரின் இரண்டு முனையில் இருந்தும் இரண்டு இரும்புக் கைகள் உள்ளே போகும். இரண்டும் இயந்திரத்தின் குறுக்கே கிடக்கும் ஓர் அச்சுத் தண்டில் இறுக்கியிருக்கும். எந்த முனையைத் தட்டினாலும் தண்டு முழுதாகச் சுழலும். கீபோட்டில் மெல்லிய கம்பி செய்கிற அதே வேலைதான், இங்கே முறுக்கமே தெரியாத தடிப்பில்.

கணினியில் ஸ்பேஸ் என்பது ஒரு சுவிச். ரைப்ரைட்டரில் அது, காகிதத்தைச் சுமந்து நகர்கிற வண்டியை ஓரிடம் விடுவிக்கிற நெம்பு, உண்மையான வேலை செய்கிறது. அதனால்தான் பொருட்கள் அவ்வளவு பலமாக இருக்கின்றன. இன்னும் நொத்தாரிசு வேலைக்கு, மனு எழுதுவதற்கு என்று இந்த இயந்திரங்களை வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து தருகிறார்கள். தண்டு உடைந்து நான் கண்டதில்லை. முனைகளில் கறள் பிடித்து இறுகியதுதான் கண்டிருக்கிறேன்.

ரைப்ரைட்டர் ஸ்பேஸ் பாரைத் தட்ட வண்டி நகருதில்லை. சில நேரம் ரெண்டு இடம் பாயுது. என்ன பழுது?

முதலில் ஒரு எழுத்தைத் தட்டிப் பாருங்கள். எழுத்துக்கும் வண்டி நகரவில்லை என்றால் ஸ்பேஸ் பாரை விட்டுவிடுங்கள், அதில் குறை இல்லை. வண்டியை இழுப்பது ஒரு சுருள்வில். அதையும் வண்டியையும் இணைக்கிற நாடா அறுந்திருக்கும், அல்லது வில் தளர்ந்திருக்கும். எழுத்துக்கு நகர்ந்து ஸ்பேஸுக்கு மட்டும் நகரவில்லை என்றால், ஸ்பேஸ் பாரின் தண்டில் இருந்து விடுவிப்புப் பொறிக்குப் போகும் இணைப்புக் கழன்றிருக்கும், அல்லது வளைந்திருக்கும்.

இரண்டு இடம் பாய்வது வேறு கதை. விடுவிப்புப் பொறியில் ஒரு பற்சில்லும் அதன் பல்லை மாறி மாறிப் பிடிக்கிற இரண்டு நாக்குகளும் உண்டு. பழைய எண்ணெய் பசையாகிக் காய்ந்தால் ஒரு நாக்கு நேரத்துக்குத் திரும்பி வராது, சில்லு ஒரு பல் கூடுதலாக ஓடிவிடும். வில்லை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தாலும் இப்படி நடக்கும். துப்புரவாக்கினால் பெரும்பாலும் சரி.

தமிழ் ரைப்ரைட்டரிலை புள்ளி அடிச்சா வண்டி நிண்ட இடத்திலையே நிக்குது. அதையும் திருத்தித் தருவியளோ?

அது பழுது இல்லை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் போய் வாழ்ந்த இரா. முத்தையாவைத்தான் தமிழ் ரைப்ரைட்டரின் தந்தை என்கிறோம். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்குவது சும்மா வேலையா? தமிழ் ரைப்ரைட்டரில் புள்ளி, விசிறி (இகர, ஈகாரக் குறி) போன்றவற்றுக்கு நகரா விசைகள். அவை காகிதத்தில் அடிக்கும், ஆனால் விடுவிப்புப் பொறியைத் தொடாது. புள்ளியை முதலில் அடித்து, அதே இடத்தில் எழுத்தை அடிக்கவேண்டும். வண்டி எழுத்துக்குத்தான் நகரும்.

ரைப்ரைட்டரிலை ஷிப்ட் அமத்த விரல் நோகுது. கொம்பியூட்டரிலை அப்பிடி இல்லையே?

1874 இல் வந்த முதல் ரெமிங்டன் இயந்திரத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும்தான். ஷிப்ட் விசை 1878 இல் வந்த ரெமிங்டன் 2 இல் தொடங்கியது. ஒவ்வொரு எழுத்துக் கையிலும் மேலொன்று கீழொன்றாக இரண்டு எழுத்து. ஷிப்டை அழுத்தினால் ஒன்று வண்டி முழுதாக மேலே எழும்பும், அல்லது எழுத்துக் கைகளின் கூடை முழுதாகக் கீழே இறங்கும். உங்கள் சின்ன விரல் தூக்குவது அவ்வளவு பாரத்தை.

வண்டியைத் தூக்குகிற வகையில்தான் நோவு கூட. கூடை இறங்குகிற வகை லேசு. இரண்டிலும் பாரத்தைச் சமன்செய்ய வில் போட்டிருப்பார்கள். அது தளர்ந்தால் நோவு இன்னும் கூடும். இடது, வலது ஷிப்ட் இரண்டும் ஒரே குறுக்குத் தண்டில் கட்டியிருப்பதால், ஒன்றை அழுத்தினால் மற்றதும் சேர்ந்து இறங்கும். அதையும் பழுது என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு.

எங்கடை ஒபிசிலை எந்தக் கீபோட் வாங்கினாலும் ஷிப்ட் தான் முதலிலை போகுது. இங்கிலிஸ் அடிக்கிற ஆக்களுக்கு அப்பிடி இல்லை. ஏன் தம்பி?

நீங்கள் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடிக்கிறீர்கள், அதுதான் காரணம். பாமினியில் கு, து, பு, மு, ரு, வு போன்ற உகர எழுத்துகள் ஷிப்டோடு வருபவை. தமிழில் உகரம் இல்லாமல் ஒரு வரி எழுத முடியுமா?

ஊர்ப்பெயர்களை அடித்துப் பாருங்கள். கிளிநொச்சிக்கு ஷிப்டே வேண்டாம். வவுனியாவுக்கு ஒன்று. முல்லைத்தீவுக்கு மூன்று: மு, ஈகாரக் குறி, வு. புதுக்குடியிருப்புக்கு ஐந்து: பு, து, கு, ரு, மறுபடி பு. முறையாகத் தட்டச்சுப் படித்தவர் என்றால் இதில் பு, கு, பு மூன்றும் இடது கை எழுத்து, ஆகவே வலது ஷிப்ட். து, ரு இரண்டும் வலது கை எழுத்து, இடது ஷிப்ட். படிக்காமல் பழகியவர் ஐந்துக்கும் இடது ஷிப்டையே அழுத்துவார். அதனால்தான் சில ஒபிஸ் கீபோட்டுகளில் இடது ஷிப்ட் தேய்ந்து பளபளக்க, வலது ஷிப்ட் புதிசு போல இருக்கிறது. பிரதேச செயலகக் கடிதம் ஒன்றில் முகவரியே இவ்வளவு வேலை வைத்தால், உள்ளே உள்ள பந்திகள் என்ன செய்யும்?

இன்னொன்று. இரண்டு, 2.25, 2.75 அலகு விசைகளின் கம்பி ஒரே அளவுதான், கால்கள் மையத்தில் இருந்து ஒவ்வொரு பக்கமும் 12 மி.மீ தூரத்தில் நிற்கும். ஆனால் வலது ஷிப்டின் ஓரம் மையத்தில் இருந்து 26 மி.மீ. சின்ன விரல் படுவது அந்த ஓரத்தில், கால்களுக்கு வெளியே. கம்பி இருந்தும் விசை கொஞ்சம் சாய்ந்துதான் இறங்கும். கூடுதலாகத் தேய்வதும் அங்கேதான்.

சோளகக் காத்து தொடங்கினா கடைக்குள்ளை ஒரே தூசி. கீபோட்டை எப்பிடித் துப்புரவாக்குறது? ரயர் கடையிலை காத்து அடிக்கலாமோ?

கிரவல் ரோட்டோரக் கடை என்றால் மூடி வைப்பதைவிடச் சிறந்த துப்புரவு இல்லை. ஒரு பழைய துணி போதும்.

ரயர் கடைக் காற்று வேண்டாம். அந்தத் தாங்கியில் தண்ணீர் தேங்கியிருக்கும், காற்றோடு அதுவும் வரும். பலமும் அதிகம், தூசியை வெளியே எடுப்பதற்குப் பதிலாகக் கால்களின் குழிக்குள் தள்ளிவிடும். கீபோட்டைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டுங்கள், பிறகு மெல்லிய பெயின்ற் பிரஸ்ஸால் துடையுங்கள். அகல விசையைக் கழட்டும்போது ஒரு பக்கத்தால் நெம்பாதீர்கள், இரண்டு ஓரத்தையும் பிடித்து நேரே மேலே. கழட்டிய விசைகளைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவலாம். நிழலில் காயவையுங்கள், வன்னி வெயில் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும், முக்கியமாக ஸ்பேஸ் பாரை. கழட்டமுன் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் பிறகு தேடத் தேவையில்லை.

சிக்குற கீக்குத் தேங்காய் எண்ணெய் போட்டன், ஒரு கிழமை நல்லா இருந்துது, பிறகு முந்தினதைவிட மோசம். என்ன போடவேணும்?

எண்ணெய் போட்டதும் உராய்வு குறையும், மேலே சொன்ன கணக்கின்படி எல்லைத் தூரம் கூடும், சிக்கல் போன மாதிரி இருக்கும். பிறகு தேங்காய் எண்ணெய் தடித்துப் பசையாகும், தூசி ஒட்டும், எறும்பும் வரும். மண்ணெண்ணெய், பெற்றோல் இரண்டும் பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் ஆகாது.

வாகன உதிரிப்பாகக் கடையில் ரப்பரோடு சேரும் சிலிக்கன் கிரீஸ் கேளுங்கள். பழைய எண்ணெயை முழுதாகத் துடைத்த பிறகு, கம்பியின் மடித்த முனைகளிலும் அது உரசுகிற இடத்திலும் ஈர்க்கு நுனியளவு. அவ்வளவுதான். சுவிச்சுக்குள் போடாதீர்கள். ரைப்ரைட்டரில் ஸ்பேஸ் பார் தண்டின் இரு முனைக்கும் தையல் மெசின் எண்ணெய் ஒவ்வொரு துளி. எழுத்துக் கைகள் நிற்கிற பள்ளங்களுக்கு எண்ணெய் காட்டவே கூடாது, அங்கே ஈரம் இருந்தால் தூசி சேர்ந்து எழுத்துகள் எழும்பாமல் போகும்.

நாங்கள் முல்லைத்தீவு கரையோரம். கம்பி கறள் பிடிச்சிட்டுது. மாத்தவேணுமோ?

மேலோட்டமான கறள் என்றால் மிக மெல்லிய அரத்தாளால் உரசி, துடைத்து, மேலே சொன்ன கிரீஸ் பூசினால் போதும். உப்புக்காற்று உள்ள இடத்தில் அந்தக் கிரீஸ் உராய்வுக்கு மட்டும் இல்லை, கறளுக்கும் காவல். குழி விழுந்த கறள் என்றால் மாற்றவேண்டும். மெலிந்த கம்பி முறுக்கத்தைத் தாங்காது, ஒரு கை இறங்க மறு கை பிந்தும்.

கம்பி வளைஞ்சிருக்கோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்? கண்ணுக்கு நேராத்தான் இருக்குது.

கண்ணை நம்பாதீர்கள். ஒரு கண்ணாடித் துண்டின் மேல், முகம் பார்க்கும் கண்ணாடி என்றாலும் சரி, கம்பியைப் படுக்க வையுங்கள். ஒரு முனையை விரலால் மெல்லத் தட்டுங்கள். மறு முனை டக் டக் என்று ஆடினால் வளைவு உண்டு. ஒரு கடதாசி உள்ளே போகிற அளவு இடைவெளியே போதும், ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும், சத்தமும் போடும்.

நேராக்கும்போது மடிப்பு மூலையில் கைவைக்காதீர்கள், உடையும். தூக்கி நிற்கிற கையை எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் முறுக்கி, திரும்பக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

புதுசா வாங்கின மெக்கானிக்கல் கீபோட்டிலை ஸ்பேஸ் பாரும் எண்டரும் மட்டும் கடகடக்குது. ஏமாத்திப்போட்டாங்களோ?

ஏமாற்றவில்லை. காலின் துளைக்குள் கம்பி முனை கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் திரும்பாது. அந்தத் தளர்வுதான் கடகடக்கிறது. சாதாரண எழுத்து விசையில் கம்பி இல்லை, சத்தமும் இல்லை. துளைக்குள் தடித்த கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் மேலே சொன்ன கண்ணாடிச் சோதனை.

லப்டொப்பின்ரை ஸ்பேஸ் பாரைக் கழட்டித் துடைக்கலாமோ?

அவசியம் இல்லாவிட்டால் வேண்டாம். லப்டொப் விசை கத்தரிக்கோல் போலக் குறுக்கே மடியும் இரண்டு பிளாஸ்டிக் சட்டங்களில் நிற்கிறது, அதோடு ஸ்பேஸ் பாருக்குக் கம்பியும் உண்டு. கம்பி மாட்டுகிற தகட்டு நாக்குகள் நெல்மணி அளவுகூட இல்லை. ஒன்று உடைந்தால் ஒட்ட வழியில்லை, முழுக் கீபோட்டையும் மாற்றவேண்டி வரும். ஓரத்தில் சிக்கினால் முதலில் பிரஸ், ஊதல். அதற்கும் சரிவராவிட்டால் கொண்டுவாருங்கள்.

வீட்டிலை உடைஞ்ச கீபோட் ஒண்டு கிடக்குது. அதின்ரை ஸ்பேஸ் பாரை இதிலை போடலாமோ?

மெக்கானிக்கல் என்றால் வாய்ப்பு உண்டு. இரண்டும் 6.25 அலகா, கம்பிக் கால்களுக்கு இடையே 100 மி.மீயா என்று அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 7 அலகு ஸ்பேஸ் பாரும் இருக்கிறது, அதில் அந்தத் தூரம் 114 மி.மீ, பொருந்தாது. ரப்பர்க் கீபோட் என்றால் அதே கொம்பனி, அதே மொடல் வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் இஷ்டத்துக்குக் கால் வைத்திருக்கிறார்கள். லப்டொப்புக்கும் அதே கதைதான்.

சில கீபோட்டிலை எண்டர் பெரிசா மடிஞ்ச மாதிரி இருக்கு. அதின்ரை மேல் மூலையை அமத்தினா ஆடுது. கம்பி போட்டிருந்தும் ஏன்?

‘ட’ எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும் எண்டரைச் சொல்கிறீர்கள். அதன் அடியில் கம்பி குறுக்காகக் கிடக்கிறது. ஒரு கம்பி தன் நீளவாக்கில் வரும் சாய்வைத்தான் தடுக்கும். நீங்கள் அழுத்துவது மேல் மூலை, அங்கே விசை முன்னுக்குப் பின் சாய்கிறது. அதற்கு அந்தக் கம்பியால் ஒன்றும் செய்ய முடியாது, நடுக்கால் மட்டும்தான் தாங்கவேண்டும். ஐரோப்பியக் கீபோட்டுகளில் வரும் எண்டர் மேலே 1.5, கீழே 1.25 அலகு அகலம், இரண்டு வரிசை உயரம். அதில் கம்பி நெடுக்காகப் போகும், ஆகவே மேல் கீழ் ஆட்டம் குறைவு. மடிந்த எண்டர் உள்ளவர்கள் கீழ்ப்பகுதியில் தட்டிப் பழகுவதுதான் வழி.

கீ நல்லா இறங்கி எழும்புது, ஒரு சிக்கலும் இல்லை, ஆனா ஸ்பேஸ் விழேல்லை. கம்பியோ?

இல்லை. நேராக இறங்கி எழும்பினால் கம்பி தன் வேலையைச் செய்துவிட்டது. ரப்பர்க் கீபோட்டின் உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள் உண்டு. மேலும் கீழும் உள்ளவற்றில் மின்கோடுகள், நடுவில் உள்ளதில் துளைகள். ஸ்பேஸ் பார் எவ்வளவு நீளமாக இருந்தாலும் தொடுகை இடம் பெரும்பாலும் நடுவில் ஒன்றுதான். தேத்தண்ணீர் ஊற்றுப்பட்டு அந்தக் கோடு அரித்திருந்தால் விசை என்ன செய்யும்? மெக்கானிக்கல் என்றால் அந்த ஒரு சுவிச்சை மாற்றலாம்.

ஷிப்டை அமத்திப் பிடிச்சு யோசிச்சுக்கொண்டு இருந்தன். பிறகு முழுக் கீபோட்டும் செத்த மாதிரி. ஒவ்வொரு எழுத்தையும் ஊண்டி அமத்தினாத்தான் விழுது. ஷிப்ட் கம்பி இறுகிட்டுதோ?

ஷிப்ட் இறுகினால் எல்லா எழுத்தும் ஷிப்ட் எழுத்தாக விழும், செத்துப்போகாது. நீங்கள் அழுத்திப் பிடித்தது வலது ஷிப்டா? விண்டோஸில் வலது ஷிப்டை எட்டு வினாடி பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதி தொடங்கும். கை நடுங்குகிறவர்களுக்காக, லேசாகப் படுகிற தட்டலை எல்லாம் புறக்கணிக்கும் வசதி அது. திரையில் ஒரு பெட்டி வந்திருக்கும், நீங்கள் வாசிக்காமல் எண்டரைத் தட்டியிருப்பீர்கள். ஷிப்டை ஐந்து தரம் அடுத்தடுத்துத் தட்டினால் வருகிற பெட்டி வேறு, அது ஸ்டிக்கி கீஸ். பாமினிக்காரருக்கு இரண்டும் அடிக்கடி வரும்.

வலது ஷிப்டை மறுபடி எட்டு வினாடி பிடியுங்கள், நின்றுவிடும். திரும்ப வராமல் இருக்க செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, அதற்குள் கீபோட் பகுதிக்குப் போய் இரண்டு குறுக்குவழியையும் நிறுத்திவிடலாம். இதற்கு ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை, கடைக்கு வரவும் தேவையில்லை.